காரணம் சொல்லாத கதவு

சர்க்கார் காரியாலயங்களும், பாங்கிகளும், ரேஷன் கடைகளும் மனிதர் வாயால் பேசுவதை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டு, யந்திரத்தின் வாயால் பேசப் பழகிவிட்டன. இது காலத்தின் போக்கு. இதற்காக நாம் புலம்பப் போவதில்லை. ஆனால் ஒரு வித்தியாசத்தை ஜனங்கள் மறத்தலாகாது. மனிதன் ஒருவன் 'இல்லை' என்று சொன்னால் 'ஏன் இல்லை?' என்று திருப்பிக் கேட்கலாம், மேலதிகாரியிடம் முறையிடலாம், பத்திரிகைக்கு எழுதலாம். யந்திரமோ, 'ஏதோ தவறு நேர்ந்தது, பிறகு முயலவும்' என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. அந்த 'ஏதோ' என்ற ஒரு சொல்லுக்குள் குடிமக்களுடைய உரிமை எவ்வளவு புதைந்து கிடக்கிறது என்பதை நமது தேச ஊழியர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை. இது கம்ப்யூட்டர் எழுதுவோருடைய தொழில் விவகாரம், நமக்கென்ன என்று ஒதுக்கிவிடுவது பெரும் பிழையாகும். மறுப்பவன் யந்திரமானாலும் மனிதனானாலும் மறுப்புக்குக் காரணம் சொல்லியே தீரவேண்டும் என்பதும், அக்காரணத்தை ஒரே முறையில், எல்லோருக்கும் விளங்கும்படி சொல்லவேண்டும் என்பதுமே இன்று நாம் வற்புறுத்த விரும்புவது.

விஷயத்தைச் சற்று விளக்குவோம். ஒரு காரியாலயத்துக் கம்ப்யூட்டரிடம் வெளியிலுள்ள மற்றொரு கம்ப்யூட்டரோ செல்போனோ ஒரு சங்கதியைக் கேட்பதற்கும் விடை பெறுவதற்கும் ஏற்பட்ட ஜன்னலுக்கு ஏ.பி.ஐ. என்று பெயர். அந்த ஜன்னலுக்கும், உள்ளே கணக்குப் பார்க்கும் நிரல்களுக்கும் நடுவே நிறுத்தப்படும் நிரலை மிடில்வேர் என்பார்கள். கோர்ட்டுப் பழக்கமுள்ளவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரு பிராது நேரே நீதிபதியின் மேஜைக்குப் போய்விடுவதில்லை. முதலில் சிரஸ்தார் அதை வாங்கி, வக்காலத்து இருக்கிறதா, ஸ்டாம்பு சரியா, கையொப்பம் உண்டா, விதிப்படி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்கிறார். சரியாயிருந்தால் நம்பரிட்டு உள்ளே அனுப்புகிறார். குறையிருந்தால் குறையைக் குறித்துத் திருப்பிவிடுகிறார். யந்திர உலகத்தின் சிரஸ்தாரே மிடில்வேர். அதன் வேலை மூன்று: வந்தவர் யார், அவருக்கு அதிகாரம் உண்டா என்று பார்ப்பது, உள்ளிருந்து வரும் விடைகளையெல்லாம் ஒரே படிவத்தில் அமைத்து வெளியே கொடுப்பது, தவறு நேர்ந்தால் அதை இன்ன வகையென்று நம்பரிட்டுச் சொல்வது. நூறு ஜன்னல்கள் இருந்தாலும் இவ்வேலையை ஜன்னலுக்கு ஜன்னல் வெவ்வேறு விதமாகச் செய்யாமல், வாசலில் ஓரிடத்தில் ஒரே விதமாகச் செய்வதுதான் இதன் பயன்.

இவ்வேற்பாடு இல்லாத இடத்தில் நடக்கும் கூத்தைக் கேளுங்கள். வலைத்தளங்களெல்லாம் பேசுகிற எச்.டி.டி.பி. என்னும் பொதுமுறை 1996-ம் வருஷத்திலேயே ஆர்.எப்.சி. 1945 என்ற பத்திரமாக வெளியாகி, விடைகளுக்கு நம்பர்களை வகுத்தது. 200 என்றால் காரியம் ஆயிற்று என்று அர்த்தம். 401 என்றால் நீர் யார் என்று ருசுவாகவில்லை என்று அர்த்தம். 403 என்றால் இக்காரியத்துக்கு அனுமதியில்லை என்று அர்த்தம். 404 என்றால் கேட்ட வஸ்து இங்கில்லை. 500 என்றால் குற்றம் எங்களுடையது, உம்முடையதன்று. வக்கீல் தொழிலில் உள்ளவர்களுக்கு 401-க்கும் 403-க்கும் உள்ள பேதம் சொல்லாமலே விளங்கும்: ஆள் யாரென்பது ஒன்று, அவருக்கு வக்காலத்து உண்டா என்பது வேறொன்று. இவ்வளவு தெளிவான முறை கைவசம் இருந்தும், 200 என்று முகப்பில் எழுதி, உள்ளே பிரித்துப் பார்த்தால் 'தோல்வி' என்று எழுதியிருக்கும் விடைகளை அனுப்பும் காரியாலயங்கள் எத்தனையோ உண்டு. உறையின்மேல் 'தங்கள் மனு அங்கீகரிக்கப்பட்டது' என்று அச்சிட்டு, உள்ளே நிராகரிப்புக் கடிதம் வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்த விடையைப் பெறும் மறுபக்கத்து யந்திரம் காரியம் முடிந்ததென்று நம்பிக் கணக்கை மூடிவிடுகிறது. மனிதன் மாத்திரம் நடுத்தெருவில் நிற்கிறான்.

அளவுகளும் முறைகளும் ஒன்றாயிருக்க வேண்டுமென்பது திண்டுக்கல் சீமைக்குப் புதிய பாடமன்று. ஊருக்கொரு படி, சந்தைக்கொரு எடை என்றிருந்த காலத்தில் குடியானவன் எவ்வளவு ஏமாற்றப்பட்டான் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். சுதந்திர இந்தியா 1956-ல் எடை அளவுச் சட்டத்தைச் செய்து மெட்ரிக் முறையை நாடெங்கும் ஏற்படுத்திற்று. அடுத்த வருஷம் ஏப்ரல் முதல் தேதியில் நாணயமும் தசாம்ச முறைக்கு வந்தது. இன்று ஒட்டன்சத்திரத்துக் காய்கறி மார்க்கெட்டில் கிலோ என்றால் கேரளத்து வியாபாரிக்கும் அதே கிலோதான். 1972 ஆகஸ்டு 15-ல் தபால் இலாகா பின்கோடு முறையைத் தொடங்கியபின் 624001 என்ற ஆறு எண்கள் திண்டுக்கல் என்பதை எந்தப் பாஷைக்காரருக்கும் சொல்லிவிடுகின்றன. நமது ரயில்வே ஜங்ஷனில் அகலப்பாதையும் மீட்டர் பாதையும் சந்தித்த நாட்கள் பலருக்கு நினைவிருக்கும். ஒரு பாதையின் வண்டி மற்றதில் ஓடாது. சரக்கை இறக்கி மறுபடி ஏற்றவேண்டும். கூலியும் நஷ்டம், காலமும் நஷ்டம். 1992-ல் ஒரே பாதைத் திட்டம் தொடங்கியது அந்தக் கஷ்டத்தைத் தீர்ப்பதற்கே. விடைக்கு ஒரு படிவமில்லாத ஏ.பி.ஐ.க்கள் யந்திர உலகத்தின் பாதை மாற்றங்களாகும். ஒவ்வொரு காரியாலயத்தின் விடையையும் இறக்கி ஏற்றுவதற்குத் தனித்தனி நிரல் எழுதவேண்டியிருக்கிறது. அந்தச் செலவு முடிவில் வரி கொடுக்கும் ஜனங்கள் தலையில்தான் விழுகிறது.

ஒழுங்கு சாத்தியமா என்று சந்தேகிப்பவர்களுக்கு நம் தேசத்திலேயே கண்கூடான அத்தாட்சி உண்டு. 2016 ஏப்ரலில் இந்திய தேசியப் பட்டுவாடாக் கழகம் யு.பி.ஐ. முறையைத் தொடங்கியது. எத்தனையோ பாங்கிகள், எத்தனையோ செயலிகள். ஆயினும் எல்லாம் ஒரே படிவத்தில் கேட்டு, ஒரே படிவத்தில் விடை சொல்லவேண்டும் என்பது விதி. 2025 ஆகஸ்டு மாதம் ஒன்றில் மட்டும் 2,000 கோடி தடவைக்கு மேல் இம்முறையில் பணம் கைமாறிற்று. இதில் நாம் குறிப்பாகப் பாராட்டுவது வேகத்தையன்று, தோல்வியைக் கணக்கெழுதும் விதத்தையே. நடவாமற்போன ஒவ்வொரு பட்டுவாடாவையும் அக்கழகம் இரண்டு வகையாகப் பிரிக்கிறது. ரகசிய எண்ணைத் தவறாகப் போட்டது, வரம்புக்கு மேல் அனுப்பப் பார்த்தது போன்றவை வாடிக்கைக்காரர் பக்கத்துக் காரணங்கள். பாங்கியின் யந்திரம் பதில் சொல்லாமற்போனது போன்றவை நிர்வாகத்தின் பக்கத்துக் காரணங்கள். எந்தப் பாங்கியில் எந்த வகை எவ்வளவு சதவிகிதம் என்பதும் மாதந்தோறும் பிரசுரமாகிறது. குற்றம் யாருடையது என்று நம்பரிட்டுச் சொல்லக் கட்டாயப்படுத்தினால்தான் குற்றவாளி வெளிப்படுவான் என்பதற்கு இதைவிட வேறென்ன திருஷ்டாந்தம் வேண்டும்?

அதன் பலனாக ஒரு பரிகாரமும் பிறந்தது. ரிசர்வ் பாங்கி 2019 செப்டம்பர் 20-ல் பிறப்பித்த உத்தரவின்படி, யு.பி.ஐ. மூலம் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பிய தொகை, அனுப்பியவர் கணக்கில் கழிக்கப்பட்டும் பெறுவோர் கணக்கில் சேராவிட்டால், மறுநாளுக்குள் தானாகவே திருப்பப்படவேண்டும். தவறினால் அதற்குமேல் நாளொன்றுக்கு ரூ.100 நஷ்டஈடு கொடுக்கவேண்டும். நிலக்கோட்டையில் பூ விற்கிறவளுக்கு நூறு ரூபாய் என்பது சிறிய தொகையன்று. ஆனால் ஒன்றை யோசிக்கவேண்டும். தோல்வி இன்ன வகை என்று யந்திரம் பிரித்துச் சொல்லாவிட்டால் இந்த உத்தரவு ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்திருக்கும். தவறுக்குப் பெயர் வைத்த பிறகுதான் பரிகாரத்துக்கு வழி பிறக்கும்.

இதற்கு மாறான நிலையை ரேஷன் கடை வாசலில் காணலாம். திண்டுக்கல் பூட்டின் புகழ் தேசமறிந்தது; 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தப் பூட்டுக்கு அரம் பிடித்துப் பிடித்து விரல்ரேகை தேய்ந்தவர்களும், தோல் பதனிடும் தொட்டிகளில் கை வெந்தவர்களும், சின்னாளபட்டியில் சாயத்திலும் நூலிலும் விரலை ஓட்டியவர்களும் நமது ஜில்லாவில் ஏராளம். இவர்கள் விரலை வைத்தால் யந்திரம் ஏற்கத் தயங்குவது அதிசயமன்று. ஆதார் சரிபார்க்கும் ஸ்தாபனம் இதற்கென நம்பர்களை வகுத்தே வைத்திருக்கிறது. 300 என்றால் ரேகை பொருந்தவில்லை. 330 என்றால் உரியவரே தமது ரேகையைப் பூட்டி வைத்திருக்கிறார். 998 என்றால் அந்த எண் செல்லாது, அல்லது பதிவேட்டில் இல்லை. மூன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு. முதலாவதற்கு வேறு விரலை வைக்கலாம். இரண்டாவதற்குப் பூட்டைத் திறக்கலாம். மூன்றாவதற்கு எண்ணைச் சரிபார்க்கவேண்டும். ஆனால் நம்பர் யந்திரத்துக்கும் யந்திரத்துக்கும் நடுவே தங்கிவிட்டு, அரிசிப் பையுடன் நிற்கிற மனிதனிடம் 'ரேகை விழவில்லை, நாளைக்கு வா' என்ற ஒரே பேச்சாக வந்து சேருமானால், உள்ளே வகுத்த வகையெல்லாம் யாருக்கு என்ன பிரயோஜனம்? நாளைக்கு வா என்பதன் விலை ஒரு நாள் கூலி. பூட்டுச் செய்கிறவனே கதவுக்கு வெளியே நிற்கிற பரிதாபம் இதுதான்.

சட்டம் இவர்களைக் கைவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2016-ம் வருஷத்து ஆதார் சட்டத்தின் 7-வது பிரிவு, ஆதார் எண் இன்னும் கிடைக்காதவருக்கு வேறு அடையாளத்தின்பேரில் உதவி தரவேண்டுமென்கிறது. ரேகை பொருந்தாததற்காகவோ, தொடர்பு கிடைக்காததற்காகவோ ரேஷனை மறுக்கலாகாது என்று மத்திய உணவு இலாகா 2017 அக்டோபரில் மாகாணங்களுக்கெல்லாம் எழுதிற்று. ஆனால் மறுப்பின் காரணம் எழுத்தில் இல்லாதபோது இந்தப் பாதுகாப்பை ஒருவன் எப்படிக் கோருவான்? 'ரேகை பொருந்தவில்லை' என்று காகிதத்தில் இருந்தால் அந்த உத்தரவைக் காட்டி அரிசி கேட்கலாம். 'ஏதோ தவறு' என்றால் எந்த உத்தரவைக் காட்டுவது?

காரணம் சொல்லாத மறுப்பு நமது நீதிமுறைக்கே விரோதமானது. அந்நியர் ஆட்சியில் பிறந்த 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம்கூட, பிராதைத் திருப்பும் நீதிபதி, அது கொடுக்கப்பட்ட தேதி, திருப்பப்பட்ட தேதி, கொடுத்தவர் பெயர், திருப்புவதற்குச் சுருக்கமான காரணம் ஆகியவற்றை அதன்மேல் எழுதவேண்டுமென்று 7-வது உத்தரவில் விதித்தது. நிர்வாக அதிகாரிகளும் தீர்ப்பளிக்கும்போது காரணம் கூறக் கடமைப்பட்டவர்கள் என்று எஸ்.என். முகர்ஜி வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு 1990-ல் தெளிவுபடுத்திற்று. 2005-ம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டமோ இன்னும் ஒரு படி மேலே சென்றது. மனுவை மறுக்கும் அதிகாரி, மறுப்பின் காரணம், அப்பீலுக்குள்ள காலக்கெடு, அப்பீல் கேட்கும் அதிகாரி யார் என்ற மூன்றையும் தெரிவிக்கவேண்டும் என்று அதன் 7-வது பிரிவின் 8-வது உட்பிரிவு சொல்கிறது.

வலைத்தளங்களுக்கு விதி வகுக்கும் சர்வதேச நிபுணர்களும் இதே முடிவுக்கு வந்திருப்பது கவனிக்கத்தக்கது. 2016-ல் ஆர்.எப்.சி. 7807 என்றும், 2023-ல் அதைத் திருத்தி ஆர்.எப்.சி. 9457 என்றும் அவர்கள் வெளியிட்ட பத்திரத்தில், பிழை அறிவிப்புக்கு ஐந்து அங்கங்களை வகுத்திருக்கிறார்கள்: பிழையின் வகை, அதன் தலைப்பு, நிலை எண், இந்தத் தடவை நேர்ந்ததின் விவரம், இந்த நிகழ்ச்சிக்குரிய அடையாளம். சட்டப் புத்தகத்தையும் இந்தப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே நியாயத்தைப் பேசுவது புலப்படும்.

இனி ஆட்சேபங்களைக் கவனிப்போம். காரணத்தை விவரமாகச் சொன்னால் திருடனுக்கு வழிகாட்டியதாகுமே என்பார்கள். இதில் உண்மையுண்டு, ஆனால் பாதிதான் உண்டு. சாவி பொருந்துமுன் அதிகம் பேசலாகாது. பெயர் தவறா, ரகசியச் சொல் தவறா என்று பிரித்துச் சொன்னால், திருடன் பெயரையாவது கண்டுபிடித்துக்கொள்வான்; ஆகையால் அங்கே 'இரண்டில் ஒன்று பொருந்தவில்லை' என்பதே போதும். உள்ளிருக்கும் பதிவேடுகளின் பெயரையும் அமைப்பையும் வெளியே கொட்டுவதும் மூடத்தனம். ஆனால் ஆள் இன்னார் என்று ருசுவான பிறகு, அவருடைய சொந்தக் காரியத்தின் காரணத்தை அவரிடமே மறைப்பதற்கு நியாயமேது? வெளியே சொல்லத்தகாத விவரம் இருந்தால் அதை உள் தினசரியில் எழுதிவைத்து, அதற்குரிய எண்ணை மட்டும் அவர் கையில் கொடுக்கலாம். அந்த எண்ணைக் கொண்டு அதிகாரி தேடிப் பார்க்கட்டும். திண்டுக்கல் மாங்காய்ப் பூட்டு திருடனுக்குத்தான் பிடிவாதம் காட்டும், வீட்டுக்காரனுக்குக் காட்டாது.

செலவு அதிகமாகுமே என்பது இரண்டாவது ஆட்சேபம். ஒவ்வொரு ஜன்னலிலும் தனித்தனியே எழுதினால் ஆகும்தான். மிடில்வேரின் சிறப்பே ஒரு தடவை எழுதி வாசலில் வைத்துவிடுவது. ஜாங்கோ, லாரவெல், எக்ஸ்பிரஸ் முதலிய, நிரலாளர்கள் அன்றாடம் கையாளும் சட்டகங்களிலெல்லாம் இதற்கென இடம் ஏற்கனவே உண்டு. குறைவது பணமன்று, மனம்தான்.

மூன்றாவது ஆட்சேபத்தை நாமே எழுப்புவோம். ஒரே மாதிரி விடை என்ற பெயரால் எல்லாத் தவறுகளையும் ஒரே மழுப்பல் வாக்கியத்துக்குள் அமுக்கிவிடும் அபாயம் உண்டு. வாசற்காவலன் உள்ளிருந்து வந்த உண்மைக் காரணத்தை விழுங்கிவிட்டு, எதற்கும் 500 என்று ஒரே சீட்டைக் கொடுத்தனுப்பினால், ஒழுங்கில்லாத பழைய நிலையே மேல் என்று சொல்லத் தோன்றும். ஆகவே, உருவம் ஒன்றாயிருக்கவேண்டும், உள்ளடக்கம் உண்மையாயிருக்கவேண்டும். சாவி ஆளுக்கு ஆள் மாறலாம். காரணம் தவறுக்குத் தவறு மாறலாம். அதை எழுதும் படிவம் மட்டும் மாறலாகாது.

தமிழர்களாகிய நமக்கு இதில் இன்னொரு பெரிய லாபமும் உண்டு. தமிழை ஆட்சிமொழியாக்கிய சட்டம் 1956-லேயே நமது மாகாணத்தில் நிறைவேறிற்று. ஆயினும் செல்போனில் தவறு நேரும் அந்த ஒரு க்ஷணத்தில் யந்திரம் திடீரென்று இங்கிலீஷுக்குத் தாவிவிடுவதைப் பலமுறை காண்கிறோம். காரணம் என்ன? தவறு அறிவிப்புகள் வெறும் வாக்கியங்களாக ஆயிரம் இடங்களில் சிதறிக் கிடப்பதால் அவற்றை மொழிபெயர்க்க எவருக்கும் கை வருவதில்லை. ஒவ்வொரு தவறுக்கும் நிலையான ஓர் எண் ஏற்பட்டுவிட்டால், எண்ணுக்கு நேரே தமிழ் வாக்கியத்தை ஒரே தடவை எழுதிவைத்தால் போதும். இன்ன பாஷையில் விடை வேண்டுமென்று கேட்கும் வசதியை எச்.டி.டி.பி. முறையே தருகிறது. ஆர்.எப்.சி. 9457-ம் தலைப்பைக் கேட்பவர் மொழியில் தர இடங்கொடுக்கிறது. தமிழ் யந்திரத்தில் ஏறாததற்கு யந்திரத்தைக் குறை கூறிப் பயனில்லை. தமிழ் உட்கார நாற்காலி போடாத நிர்வாகமே அதற்குப் பொறுப்பு.

திறந்த ஏ.பி.ஐ.க்களுக்கென இந்திய சர்க்கார் 2015-ல் ஒரு கொள்கையை வெளியிட்டிருக்கிறார்கள். கொள்கை நல்லதே, ஆனால் காகிதத்திலுள்ள கொள்கை கடை வாசலுக்கு வந்து சேரவேண்டும். நமது கோரிக்கைகள் ஐந்து. பொதுஜனங்களுக்கு உதவி வழங்கும் எல்லா சர்க்கார் ஏ.பி.ஐ.க்களும் ஒரே விடைப் படிவத்தையும் ஒரே பிழைப் பட்டியலையும் மேற்கொள்ளவேண்டும். மறுப்பு எதுவானாலும் எண், காரணம், அடுத்து செய்யவேண்டியது, முறையிடும் இடம் நான்கும் தமிழில் திரையிலும் ரசீதிலும் வரவேண்டும். குற்றம் நிர்வாகத்தின் பக்கம் என்றால் அதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். எந்த இலாகாவில் எவ்வகை மறுப்பு எவ்வளவு என்பதை மாதந்தோறும் ஜில்லாவாரியாகப் பிரசுரிக்கவேண்டும். பட்டியல் தயாரிக்கும் வேலையை நிபுணர்களிடம் மட்டும் விடாமல் ஜனங்களோடு பழகுபவர்களிடமும் கொடுக்கவேண்டும். கிராம ஊழியத்துக்கென்றே தோன்றிய காந்திகிராமம் நமது பக்கத்திலேயே இருக்கிறது.

நமது வாலிபத் தொண்டர்களுக்கும் ஒரு வேலையுண்டு. அவரவர் வார்டிலோ கிராமத்திலோ ரேஷன் கடையிலும், சேவை மையத்திலும், பாங்கியிலும் யந்திரம் மறுத்த ஒவ்வொரு தடவையும் தேதி, நேரம், திரையில் கண்ட சொற்கள், எண் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவாருங்கள். எண் சொல்லாவிட்டால் 'எண் சொல்லவில்லை' என்றே எழுதுங்கள், அதுவும் சாட்சியம்தான். முப்பது நாள் கணக்கைத் தகவல் உரிமை மனுவுடன் சேர்த்து அனுப்பினால், அதற்குக் காரணத்துடன் பதில் எழுத எந்த இலாகாவும் கடமைப்பட்டது. கதவைத் திறக்க மறுப்பவனிடம் முதலில் கேட்கவேண்டியது காரணத்தையே. அதை உரிமையாகக் கேட்கத் தெரிந்த ஜனங்களுக்குக் கதவும் வெகுநாள் மூடியிராது.